பாறையேற்றத்தின் முதல் ஓராண்டு: ஆபத்து எங்கே இருக்கிறது?

பாறை ஏறக் கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "கயிறு அறுந்துபோனால்?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்விதான், ஆனால் அது பழைய காலத்துக் கேள்வி. தரச்சான்று பெற்ற, நல்ல நிலையில் உள்ள கயிறு ஒருவர் விழுந்த வேகத்தில் அறுந்துபோவது இன்று மிக அரிது. கூரான பாறை விளிம்பில் உரசினால் அறுபடும், அமிலம் பட்டால் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். இவற்றை விட்டால், பெரும் விபத்துகள் கயிற்றின் நடுவில் நேர்வதில்லை. மனிதன் கயிற்றோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும் நேரத்திலும், அதிலிருந்து கழன்றுகொள்ளும் நேரத்திலும், ஒருவர் பொறுப்பு இன்னொருவர் கைக்கு மாறும் நேரத்திலும் நேர்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் எதை எந்த வரிசையில் கற்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும், எந்தப் பாறைக்கு எப்போது போகலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேட வேண்டியது இங்கிருந்துதான்.

கருவிகள் தீர்த்துவைத்த பாதி

1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் எழுவர் குழு ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டியது. இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியது. ஒரே கயிற்றில் பிணைந்திருந்த நால்வர் சரிந்தார்கள். அவர்களுக்கும் மேலே இருந்த மூவருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வர் இறந்தார்கள். அதன் பிறகும் வெகுகாலம் நார்க்கயிறுகளே புழங்கின. முதலில் ஏறுபவர் விழவே கூடாது என்பதுதான் அந்தக் காலத்து எழுதாத சட்டம். விழுந்தால் கயிறு தாங்கும் என்று யாரும் நம்பவில்லை.

நைலான் வந்த பிறகு நிலைமை மாறியது. உள்ளே பல இழைகளாலான மையமும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றை 1953இல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று பாறையேறுபவர் கட்டிக்கொள்வது அந்த வகைக் கயிற்றைத்தான். 1932இல் தொடங்கப்பட்ட யுஐஏஏ என்னும் பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு பின்னர் கருவிகளுக்கான தர விதிகளை வகுத்தது. ஒற்றைக் கயிறாகப் பயன்படும் ஒன்று அந்த விதிகளின் சோதனையில் 80 கிலோ எடையின் கடும் வீழ்ச்சியைக் குறைந்தது 5 முறை அறுபடாமல் தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் எடையின் மீது வரும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. கொக்கியாகிய கேரபினர் தன் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2 டன் இழுவையைத் தாங்க வேண்டும்.

இந்த எண்களுக்குப் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் விழுந்த தூரத்தை, அந்த வீழ்ச்சியை ஏற்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது வீழ்ச்சிக் காரணி. 2 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தால் காரணி 2. சாதாரண ஏற்றத்தில் அதற்கு மேல் போகாது. 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது அதே 4 மீட்டர் விழுந்தால் காரணி வெறும் 0.2. விழுந்த தூரம் ஒன்றுதான், ஆனால் உடலுக்கும், கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் ஆங்கருக்கும் வரும் அடி வேறு. கயிறு நீண்டு கொடுத்து அந்த வேகத்தை உள்வாங்குகிறது. அதனால்தான் இழுபடாத நிலைக்கயிற்றில் லீட், அதாவது கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முதலாளாக, ஏறக் கூடாது என்பது பாலபாடம். இறங்கவும் சுமை தூக்கவும் அது நல்ல கயிறு, விழுவதற்கு அல்ல. கடைவீதியில் முழம் போட்டு விற்கும் நைலான் கயிறு இந்த இரண்டுக்குமே ஆகாது.

கருவி வாங்குவதில் புதியவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: யுஐஏஏ அல்லது ஐரோப்பிய சிஇ முத்திரை, கருவியின் வரலாறு, தேய்மானம். யார் பயன்படுத்தினார்கள், எத்தனை ஆண்டு, எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியாத கயிற்றையும், இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸையும் இரண்டாம் கையாக வாங்கக் கூடாது. 2006இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் என்ற புகழ்பெற்ற ஏறுநர் இறந்தது ஹார்னஸின் முன்வளையம் தேய்ந்து அறுந்ததால். அது கருவி தோற்ற கதைதான், ஆனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருந்தது.

வல்லவர்கள் தவறிய இடங்கள்

1989 மே மாதம் பிரான்சின் பூவு பாறையில் லின் ஹில் ஏறினார். அன்றைய உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர். ஹார்னஸில் கயிற்றைக் கோத்தவர் முடிச்சை முடிக்காமல் கவனம் சிதறி வேறு வேலைக்குப் போனார். வழி அவருக்கு எளிது என்பதால் ஒருமுறைகூட விழாமல் உச்சிக்குப் போய்விட்டார். இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தபோதுதான் முடிச்சு இல்லை என்பது வெளிப்பட்டது. 20 மீட்டருக்கும் மேல் விழுந்தவரை ஒரு மரம் காப்பாற்றியது. 1993இல் அவர் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையின் 'தி நோஸ்' வழியைக் கை கால்களை மட்டுமே நம்பி, கயிற்றைக் காப்புக்கு மட்டும் வைத்து ஏறிச் சரித்திரம் படைத்தார்.

2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொத்ரேரோ சிக்கோவில் பிராட் கோப்ரைட்டும் கூட்டாளியும் ஒரே கயிற்றின் இரு நுனிகளில் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். ஒரு பக்கம் நீளம் குறைவாக இருந்தது, நுனியில் முடிச்சும் இல்லை. நுனி கருவியைத் தாண்டி ஓடிவிட்டது. கோப்ரைட் இறந்தார், கூட்டாளி ஒரு திட்டில் விழுந்து பிழைத்தார்.

இந்த இரு விபத்துகளிலும் பாறை கடினமாக இல்லை, கை வலு குறையவில்லை, கருவியும் உடையவில்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் நேரத்தில் ஒரு சிறு காரியம் விட்டுப்போனது, அவ்வளவுதான். உள்ளரங்குகளிலும் இதே கதைதான். தானாகக் கயிற்றை இழுத்துக்கொள்ளும் ஆட்டோபிலே கருவியில் கொக்கியை மாட்டாமலே ஏறிவிடுகிறார்கள். இறக்கும்போது கயிறு போதாமல் நுனி, கீழே கயிற்றைப் பிடித்துக் காக்கும் பிலேயரின் கையைவிட்டு ஓடிவிடுகிறது. உச்சியில் இருப்பவர் தன்னை இறக்கப்போகிறார்கள் என்று நினைத்துச் சாய்கிறார், கீழே இருப்பவரோ அவர் தானே இறங்கிக்கொள்வார் என்று கயிற்றை விட்டுவிடுகிறார்.

புதியவர் பயப்படுவது தப்பான இடத்தில் என்பது இதிலிருந்து புரியும். பாறையின் நடுவில், கால் நடுங்கும் நேரத்தில் அவர் மிகவும் பயப்படுகிறார். கயிறு மேலிருந்து வரும் டாப் ரோப்பில் அந்த நேரம் பெரும்பாலும் பத்திரமானது. "அப்பாடா, முடிந்தது" என்று மூச்சு விடும் நேரத்தில்தான் பயம் தேவை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஜெர்மனியில் ஷோஃப்ல் என்ற மருத்துவரும் சகாக்களும் ஓர் ஏற்ற அரங்குக்கு 5 ஆண்டுகளில் வந்த 5,15,337 வருகைகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து 2013இல் வெளியிட்டார்கள். பதிவான திடீர்க் காயங்கள் 30, இறப்பு இல்லை. ஆயிரம் மணி நேரத்துக்கு 0.02 காயம் என்பது பல பந்து விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்த 30இல் 16 லீட் ஏற்றத்தில், 7 டாப் ரோப்பில், 6 கயிறின்றித் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங்கில். மீதி ஒருவர் ஏறவே இல்லை.

இந்த எண்ணைக் கொண்டு இயற்கைப் பாறையும் இதேபோலப் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. அரங்கில் சுவரில் பதித்த போல்ட்டை நிர்வாகம் சோதிக்கிறது, தரையில் மெத்தை இருக்கிறது, தலையில் கல் விழாது, கயிறு சுவரின் உயரத்துக்குப் போதும் என்பது உறுதி. வெளியே இவை ஒவ்வொன்றும் ஏறுபவரின் தலையில் விழும் பொறுப்பு. அரங்கில் தேறியவர் வெளிப் பாறையில் மறுபடியும் புதியவர்தான். இதை ஏற்றுக்கொள்ள மறுப்பதுதான் முதலாண்டின் பெரிய தவறு.

எதற்குப் பின் எது

கற்கும் வரிசைக்கு ஒரே ஓர் அளவுகோல் போதும்: இந்தக் கட்டத்தில் ஒரு தவறு செய்தால் அதிலிருந்து எழுந்து வர முடியுமா?

டாப் ரோப் அந்தக் கணக்கில் முதலிடம். கயிறு மேலிருந்து வருகிறது, விழுந்தால் சில அடிதான். எட்டு முடிச்சைப் போட்டு அதன் வழியே திரும்பக் கோப்பது, ஹார்னஸ் வாரை இறுக்குவது, பிலே பிடிப்பது ஆகிய மூன்றும் இங்கே கை தன்னால் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். பிலேக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தடைபோடும் கை கயிற்றைவிட்டு எக்காரணத்துக்கும் எடுபடக் கூடாது. கையை நகர்த்த வேண்டுமானால் மற்றக் கை வந்து பிடித்த பிறகு நகரட்டும். 1991இல் பெட்சில் நிறுவனம் கிரிகிரி என்னும் கருவியைக் கொண்டுவந்தது. கயிறு திடீரென ஓடினால் உள்ளிருக்கும் உருளை அதை நெரித்து நிறுத்தும். ஜெர்மன் ஆல்பைன் சங்கம் இவ்வகைக் கருவிகளையே பரிந்துரைக்கிறது. ஆனால் கயிறு வேகமாகக் கொடுப்பதற்காக அந்த உருளையை அழுத்திப் பிடித்திருந்தால் கருவி வெறும் இரும்புதான். தடைபோடும் கையின் சட்டம் அதற்கும் உண்டு.

போல்டரிங்கைப் பலர் எளிய தொடக்கமாக நினைக்கிறார்கள். கயிறும் ஹார்னஸும் கூட்டாளியும் வேண்டாம், ஷூவும் சுண்ணப்பொடியும் போதும். ஆனால் அதில் எந்த வீழ்ச்சியும் தரையில்தான் முடியும். 4 மீட்டரிலிருந்து விழுபவர் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். ஆகவே முதல் பாடம் ஏறுவது அல்ல, விழுவது. இரு கால்களும் சேர்ந்து படும்படி, முழங்கால் மடங்க, பின்பக்கமாக உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும் போகும். கீழே நிற்கும் துணையாளின் வேலை ஆளை ஏந்துவது அல்ல, தலையும் தோளும் மெத்தையில் படும்படி திருப்பிவிடுவது. முடிந்த இடத்திலெல்லாம் குதிக்காமல் இறங்கி வருவது கணுக்காலுக்கு நல்லது.

லீட் ஏற்றம் இன்னொரு உலகம். ஏறுபவர் கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு போய் போல்ட்டுக்குப் போல்ட் மாட்டுகிறார். கடைசியாக மாட்டிய இடத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்து விழுந்தால் குறைந்தது 4 மீட்டர், கயிற்றின் தளர்வும் நீட்சியும் சேர்ந்தால் இன்னும் அதிகம். முதல் இரண்டு மூன்று போல்ட் வரை அந்தத் தூரமே தரையைத் தொடப் போதும். கயிற்றைத் தலைகீழாக மாட்டுவது, கால் கயிற்றுக்கு முன்னால் சிக்கி விழும்போது உடல் தலைகீழாகப் புரள்வது ஆகியவை இக்கட்டத்துக்கே உரிய தவறுகள். இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லீட் பிலே, டாப் ரோப் பிலேயைவிட வெகு கடினம். கயிறு கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், விழும்போது உடலை இலேசாக எழவிட்டு மெதுவாகத் தாங்க வேண்டும். கூட்டாளி தன்னைவிட மிகவும் கனமானவர் என்றால் பிலேயர் தூக்கி எறியப்படுவார். ஆகவே லீட் ஏறத் தயாரா என்று கேட்பதற்கு முன், லீட் பிலே பிடிக்கத் தயாரா என்று கேட்பது முறை.

கடைசியில் வருவது ஆங்கரில் கயிற்றை மாற்றுவதும், கயிற்றின் வழியே தானே இறங்கும் ராப்பலும். நம் ஊர் சாகச முகாம்களில் இது பலமுறை தலைகீழாக நடக்கிறது. கல்லூரி மாணவர்களைப் பாறை உச்சிக்கு அழைத்துப் போய் முதல் நாளே ராப்பல் இறக்குகிறார்கள். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் உடல் எடை முழுதும் ஒரே கருவியில் தொங்கும் கட்டம் அது. இறங்குபவருக்குத் தனியாக இன்னொரு கயிறு கட்டி, அதை ஒருவர் மேலிருந்து பிடித்திருந்தால்தான் தொடக்கக்காரர் அதில் கால் வைக்கலாம். தானாக இறங்கும் நாள் வரும்போது மூன்று காரியம்: கயிற்றின் இரு நுனியிலும் முடிச்சு, கருவிக்குக் கீழே புருசிக் போன்ற உராய்வு முடிச்சு, ஆங்கரிலிருந்து கழன்றுகொள்ளும் முன் எடையைக் கருவியில் போட்டுப் பார்த்தல்.

இந்த எல்லாக் கட்டத்துக்கும் பொதுவானது தரையைவிட்டுக் காலெடுக்கும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் சோதிப்பது. ஹார்னஸ் வார் இறுகியிருக்கிறதா, முடிச்சு முழுமையா, அது சரியான இரு வளையங்களின் வழியே போகிறதா, பிலே கருவியில் கயிறு சரியான பக்கம் இருக்கிறதா, கேரபினர் பூட்டியிருக்கிறதா, கயிற்றின் மறுநுனியில் முடிச்சு இருக்கிறதா. கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவரோடு ஏறினாலும் அவருடைய முடிச்சையும் புதியவர் பார்க்க வேண்டும். பெரியவர், குரு என்ற மரியாதை இங்கே குறுக்கே வரக் கூடாது. லின் ஹில்லின் முடிச்சை அன்று யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

விரல்களின் கணக்கு

விழாமலும் காயம் வரும். தசை சில மாதங்களில் வலுப்பெறும், தசைநாணும் விரல் எலும்போடு அதைப் பிணைக்கும் நார்வளையமும் அவ்வளவு வேகத்தில் வளர்வதில்லை. புதியவருக்கு நான்காம் மாதத்தில் கை வலு வந்துவிட்டதாகத் தோன்றும். அப்போதுதான் மோதிர விரலின் அடியில் 'டப்' என்ற சத்தம் கேட்கும். சிறு விளிம்புகளில் தொங்கும் விரல்பலகைப் பயிற்சியை முதலாண்டில் தவிர்ப்பது நல்லது. வோல்ஃப்காங் குல்லிச் 1988இல் உருவாக்கிய கேம்பஸ் பலகை உலகின் மிகக் கடினமான வழிகளுக்குத் தயாராகும் ஒருவருடைய கருவி, தொடக்கக்காரருக்கு அதில் வேலையே இல்லை. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதல். விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டில் முறிவு வரலாம். பதின்வயதுப் பிள்ளை விரல் நடுமூட்டில் வலி என்றால் தைலம் தேய்த்துத் தொடர விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பக்கத்துப் பாறைகள்

தமிழ்நாட்டிலிருந்து பாறை தேடுபவர் பெரும்பாலும் கர்நாடகத்துக்குத்தான் போகிறார். பெங்களூரின் கண்டீரவா விளையாட்டரங்கில் ஏற்றச் சுவர் இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் 'ஷோலே' படமாக்கப்பட்ட ராமநகரத்துக் கருங்கல் குன்றுகள், அருகே சாவன்துர்கா. வடக்கே ஹம்பியின் உருண்டைப் பாறைகள், பாதாமியின் செம்மணற்கல் சுவர்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை ஆபத்து. சாவன்துர்கா போன்ற சரிவுப் பாறையில் கைப்பிடி அரிது, உள்ளங்காலின் உராய்வுதான் எல்லாம். விழுந்தால் காற்றில் தொங்க மாட்டோம், சொரசொரப்பில் தேய்ந்துகொண்டே போவோம். ஹம்பியில் போல்டர்கள் உயரம், கீழே சமதரை இல்லை. மணற்கல் பொதுவாக ஈரத்தில் வலு இழக்கும், மழைக்குப் பின் நன்றாகக் காயவிடாமல் ஏறினால் பிடிமானம் கையோடு வந்துவிடும்.

மேலைநாட்டுக் கையேடுகளில் அதிகம் இல்லாத இரண்டு இங்கே உண்டு. ஒன்று வெயில். மார்ச்சுக்குப் பின் கருங்கல் காலை பத்து மணிக்கே கொதிக்கும், நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல பருவம். இன்னொன்று மலைத்தேனீ. செங்குத்துப் பாறையின் நிழல் விளிம்புகளில் பெரும் அடைகளாகத் தொங்கும். புகை, வாசனைத் திரவியம், கூச்சல், மேலே இருந்து விழும் கல் எல்லாமே அதைக் கிளப்பும். கயிற்றில் தொங்குபவருக்கு ஓட இடமில்லை. ஏறும் முன் முழுச் சுவரையும் அண்ணாந்து பார்த்து, அடை இருந்தால் அந்த வழியை விட்டுவிடுவதே வழி.

போல்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. துரு வழிந்த கறை, ஆடும் தட்டு, சுற்றிலும் விரிசல் என்றால் திரும்பிவிட வேண்டும். கடலோரத்தில் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுகூட உள்ளுக்குள் அரிக்கப்பட்டு உடையும். தாய்லாந்தின் ரைலே, டொன்சாய்ப் பாறைகளில் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாற வேண்டிவந்தது அதனால்தான்.

பாறை யாருடையது என்ற கேள்வியும் பாதுகாப்பைச் சேர்ந்ததுதான். பாதாமியின் குடைவரைகளும் ஹம்பியின் சின்னங்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ராமநகரத்தின் ராமதேவர பெட்டா பாறு கழுகுகளின் சரணாலயம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளும் தமிழ்பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. அரிட்டாப்பட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, அங்கே வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அங்கெல்லாம் துளையிட்டுப் போல்ட் அடிப்பது ஈராயிரம் ஆண்டு ஆவணத்தில் துளையிடுவது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட பின், மாநில அரசு மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. அனுமதி பெற்றுப் போன குழு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரியும், திருட்டுத்தனமாகப் போன குழுவைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

யாரிடம் கற்பது

டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனமும் (1954), உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனமும் (1965) நடத்தும் அடிப்படைப் பயிற்சியில் பாறையேற்றம் ஒரு பகுதி. கர்நாடகத்தில் ஜெனரல் திம்மையா தேசிய சாகசக் கழகம் இருக்கிறது. இவை தவிர, தனியார் வழிகாட்டிகளும் சங்கங்களும் பல. சான்றிதழ் முக்கியம்தான், ஆனால் முதல் நாளிலேயே புதியவர் தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடிகிற சில உண்டு. ஆங்கரில் ஒரே புள்ளியை நம்பாமல் இரண்டு புள்ளிகள் போடுகிறாரா? அவரே ஹெல்மெட் போடுகிறாரா? தன் முடிச்சைச் சோதிக்க மாணவரை அழைக்கிறாரா? "இது ஏன்?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் காரணம் சொல்கிறாரா? யாராவது விழுந்து அடிபட்டால் எந்த வழியாக எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார் என்பதற்கு விடை வைத்திருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிறவரோடு பாறைக்குப் போக வேண்டியதில்லை.

திரையில் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டனைக் கயிறின்றி ஏறினார். அதே வழியில் அவர் அதற்கு முன் கயிற்றோடு எத்தனை முறை தொங்கி, ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்தார் என்பதும் அந்த ஏற்றத்தைக் காட்டும் படத்தில் இருக்கிறது. சித்திரதுர்க்கக் கோட்டைச் சுவரில் கயிறின்றி ஏறிக் காட்டும் ஜோதிராஜின் காணொளிகளும் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருக்கின்றன. இவை பார்க்க வேண்டியவை, பாடத்திட்டம் அல்ல.

பதிவு செய்யும் பழக்கம்

அமெரிக்க ஆல்பைன் சங்கம் 1948 முதல் ஆண்டுதோறும் விபத்துகளைத் தொகுத்து வெளியிடுகிறது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்ற அலசல்தான் அதன் உயிர். கயிற்று நுனியில் முடிச்சு போடுவது இன்று உலகெங்கும் பழக்கமாகியிருப்பதற்கு இப்படி எழுதிவைக்கப்பட்ட மரணங்கள் ஒரு முக்கியக் காரணம். தென்னிந்தியாவில் ஏறுபவர் தொகை பெருகிவரும் இந்நேரத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு வழிகாட்டியும் தன் பக்கத்து விபத்தையும், விபத்தாகாமல் தப்பியதையும் தேதியோடு எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். மறைப்பதால் பெயர் காப்பாற்றப்படலாம், ஆனால் அடுத்த குழு அதே தவறை அதே பாறையில் செய்யும். முதலாண்டு மாணவர் இதில் பங்கெடுக்கத் தனித் தகுதி எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடு வாங்கி, தன் கூட்டாளி கண்டுபிடித்த தன் தவறுகளையும் தான் கண்டுபிடித்த அவருடைய தவறுகளையும் எழுதத் தொடங்கலாம். அந்தப் பக்கங்கள் காலியாகவே இருந்தால், தவறே நடக்கவில்லை என்று மகிழ்வதற்கு முன், இருவரும் ஒருவரை ஒருவர் சோதிக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.